செப்புத்தகட்டில் ஒரு நாற்காலி: 18-ஆம் நூற்றாண்டு ஃபர்னிச்சர் சித்திரங்களைக் கலையாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஐரோப்பிய ஃபர்னிச்சர் சித்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தால், பெரும்பாலோர் முதலில் சொல்வது “இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது” அல்லது “இதில் எப்படி உட்காருவது?” என்பதுதான். இரண்டுமே நாற்காலியைப் பற்றிய பேச்சு. சித்திரத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. கண் நேராகப் பொருளுக்குத் தாவிவிடுகிறது. அதை உண்டாக்கிய கோடு, நிழல், தாளில் விட்டிருக்கும் வெற்றிடம் எல்லாம் நழுவிவிடுகின்றன.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் தாள், பிறகு கோடு, பிறகு வடிவம், கடைசியில்தான் மரச்சாமான். பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது லண்டன் தச்சர் தாமஸ் சிப்பென்டேல் வெளியிட்ட ‘தி ஜென்டில்மேன் அண்ட் கேபினட்-மேக்கர்ஸ் டைரக்டர்’ எனும் மரச்சாமான் மாதிரித் தொகுப்பின் செப்புத்தகட்டுப் படங்கள், அதாவது செம்புத் தகட்டில் கோடுகளைக் கீறி, மை நிரப்பி, தாளில் அழுத்தி எடுத்தவை. அப்படி அச்சான படத்தையும் ‘தகடு’ என்றே சொல்வோம். முதல் பதிப்பு 1754-ல் 160 தகடுகளோடு வந்தது. 1762-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 200 தகடுகள். இவற்றைப் பார்க்கப் பழகிவிட்டால், அந்தக் காலத்தின் வேறு எந்த ஃபர்னிச்சர் சித்திரத்தையும் இதே முறையில் அணுகலாம்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- நகை ஆசாரிகள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் (அசல் தாள் கிடைத்தால் மட்டும்)
- 30 செ.மீ. அளவுகோல்
- வெள்ளை அட்டை இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் ஏ4 அளவு
- ஏ3 டிரேசிங் பேப்பர் நான்கைந்து தாள்
- 2எச், எச்பி, 2பி பென்சில்கள்
- தலையை அசைத்து, வளைத்து வைக்கக்கூடிய மேசை விளக்கு
- கணினித் திரை. கைபேசி போதாது, ஏன் என்பது இரண்டாம் படியில் வருகிறது.

அசல் தாளைத் தொடப்போகிறீர்கள் என்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். துணிக் கையுறை வேண்டாம். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழிசல் அங்கேதான் தொடங்கும். மேசையில் பேனா இருக்கவே கூடாது. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்.

1. ஒரே ஒரு தகட்டைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்கள் முதல் நாளே இருநூறு படங்களையும் தள்ளிக்கொண்டே போவார்கள். முடிவில் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததாகத் தோன்றும். ஒரு தகடு, குறைந்தது முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சிக்கு ஏற்றது நாற்காலித் தகடு. அலமாரியும் கட்டிலும் பெரியவை. பல அடுக்கு விவரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நாற்காலியில் எல்லாமே ஒரு பார்வையில் அடங்கும். அதிலும் ‘ரிப்பன்-பேக்’ நாற்காலிகள் மூன்று நிற்கும் தகடு சிறந்தது. முதுகுச் சாய்வில் மரத்தையே பட்டு நாடாபோல் முடிச்சிட்டு, மடித்து, தொங்கவிட்டிருப்பதாக வரைந்த படம். மரத்தை நாடாவாகக் காட்டவேண்டிய கட்டாயம் இருப்பதால், கோட்டின் திறமை முழுதும் அங்கே வெளிப்பட்டாக வேண்டும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இரண்டின் இணையத் தொகுப்புகளிலும் சிப்பென்டேல் பெயரில் தேடினால் படங்கள் கிடைக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அலங்காரக் கலை எண்ம நூலகத்திலும், இன்டர்நெட் ஆர்கைவிலும் தொகுப்பையே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். படத்தோடு, அதைப் பற்றிச் சிப்பென்டேல் எழுதிய குறிப்புரைப் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு, எட்டு, பத்தாம் படிகளில் அது தேவைப்படும்.

2. படத்தை உண்மை அளவுக்குக் கொண்டுவாருங்கள்

இந்தத் தொகுப்பின் பக்கம் சுமார் 45 செ.மீ. உயரம். அதைக் கைபேசியில் பத்து செ.மீ. உயரத்தில் பார்த்தால், நெருக்கமாக ஓடும் நிழல்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் சாம்பல் பூச்சாகிவிடும். சில சமயம் திரையின் புள்ளிகளோடு மோதி, படத்தில் இல்லாத அலைகளும் தோன்றும். புகையாகத் தெரிவதைப் பார்த்து “மென்மையான நிழல்” என்று பாராட்டுவது இதனால் வரும் பிழை. அங்கே மென்மை கிடையாது. ஒவ்வொன்றும் உலோகத்தில் வெட்டிய கூர்மையான கோடு.

செய்யவேண்டியது எளிது. அருங்காட்சியகப் பக்கத்தில் தாளின் அளவு செ.மீ.யில் கொடுத்திருப்பார்கள். திரையில் அளவுகோலை வைத்து, படத்தின் உயரம் அந்த அளவுக்கு வரும்வரை பெரிதாக்குங்கள். முழுப் பக்கமும் திரையில் அடங்காது. பரவாயில்லை, நகர்த்திப் பாருங்கள். சித்திரக்காரர் கணக்கிட்ட கோட்டு இடைவெளி அப்போதுதான் கண்ணுக்கு வரும்.

கோப்பின் அளவையும் கவனியுங்கள். நீளப் பக்கத்தில் 3,000 பிக்சல் இருந்தால் நிழலின் அமைப்பு தெரியும். கோட்டின் நுனி எப்படி முடிகிறது என்று பார்க்க 5,000 பிக்சலுக்கு மேல் வேண்டும். 1,000 பிக்சல் கோப்பை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. கோடு எந்தக் கருவியில் பிறந்தது என்று பாருங்கள்

இங்கே அவசரம் வேண்டாம். நாற்காலியை மறந்துவிட்டு, இரண்டு விரல் அகல இடத்தை மட்டும் பெரிதாக்குங்கள்.

செப்புத்தகட்டில் கோடு போட அன்று முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, பியூரின் எனும் கூருளியைத் தள்ளி உலோகத்தை நேரடியாக வெட்டுவது. உளி மெல்ல இறங்கி, ஆழமாகப் போய், மெல்ல மேலே வருவதால் கோடு ஊசிபோல் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி ஊசியாக முடியும். மற்றது அமில முறை. தகட்டில் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் பூச்சை மட்டும் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். இந்தக் கோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஏறக்குறைய ஒரே தடிமன், நுனி மழுங்கியிருக்கும், ஓரம் நுண்ணிய நடுக்கத்தோடு இருக்கும்.

ஃபர்னிச்சர் தகடுகளில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும். கொடிக்கருக்கு, இலை, நாடா போன்ற துள்ளும் பகுதிகளை அமில ஊசியில் போட்டுவிட்டு, நேர்கோடுகளையும் ஆழ்ந்த நிழலையும் உளியால் உறுதிப்படுத்துவார்கள். எங்கே ஊசி, எங்கே உளி என்று டிரேசிங் பேப்பரில் இரண்டு விதமாகக் குறித்துப் பாருங்கள். படத்தில் எந்தப் பகுதி பேனாவைப்போல் ஓடுகிறது, எந்தப் பகுதி இறுகி நிற்கிறது என்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

அசல் தாள் கையில் இருந்தால் இன்னும் மூன்று சோதனைகள்:

- விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம் தெரியும். அச்சு எந்திரம் தகட்டை ஈரத்தாளில் அழுத்திய தடம் அது. ஓரம் வெட்டப்பட்ட தாளில் தடம் போயிருக்கலாம்; ஆகவே தடம் இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுசெய்யக் கூடாது.
- லென்ஸில் பாருங்கள். ஒரே இடைவெளியில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் அச்சான பிற்கால நகல். செப்புத்தகட்டில் இப்படி ஒழுங்கான புள்ளி வலை வராது.
- தாளை ஒளிக்கு எதிரே பிடியுங்கள். சுமார் 25 மி.மீ. இடைவெளியில் நேர்க்கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால், கம்பிச் சல்லடையில் வார்த்த பழைய வகைத் தாள்.

ஒரே தகட்டின் இரண்டு பிரதிகள் வேறுவேறாக இருந்தால் குழம்பவேண்டாம். செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை மை பூசித் துடைத்து அழுத்தும்போதும் தேயும். முதலில் மறைவது மிக நுண்ணிய கோடுகள். முகத்திலும் இலையின் மேல்புறத்திலும் இருந்த மெல்லிய சாயல் போய், வெளிக்கோடு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அது பிந்தைய அச்சு. “எளிமையாக வரைந்திருக்கிறார்” என்று அதைப் பாராட்டிவிடக் கூடாது.

4. அடியில் இருக்கும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள்

படத்தின் கீழே இடது மூலையில் ‘இன்வ்.’, ‘டெல்.’ என்றும், வலது மூலையில் ‘ஸ்கல்ப்.’ என்றும் லத்தீன் சுருக்கங்கள் வரும். முதலாவது வடிவத்தைக் கற்பனைசெய்தவர், இரண்டாவது தாளில் வரைந்தவர், மூன்றாவது தகட்டில் செதுக்கியவர். சிப்பென்டேல் தகடுகளில் செதுக்கியவர் இடத்தில் மத்தாயஸ் டார்லி பெயரும், முல்லர் என்ற பெயரும் அடிக்கடி தென்படும்.

இதை விட்டுவிட்டால், கோட்டின் சிறப்பு முழுவதையும் தச்சர் கணக்கிலேயே எழுதிவிடுவோம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சிப்பென்டேலின் மூல வரைபடங்கள் ஆல்பங்களாக இருக்கின்றன. அவை பேனாவும் சாம்பல் நிற நீர்ப்பூச்சுமாகப் போட்டவை. தூரிகையால் ஒரே இழுப்பில் வைத்த நிழலை, செதுக்குபவர் நூற்றுக்கணக்கான கோடுகளாகப் பிரித்து எழுதவேண்டும். எத்தனை கோடு, எந்தத் திசை, எவ்வளவு வளைவு எல்லாம் அவர் முடிவு. வரைபடத்தையும் அச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு கலைஞர்களும் தனித்தனியே தெரிவார்கள். தகட்டில் இருப்பது தாளில் இடம் வலம் மாறி விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். செதுக்குபவர் கண்ணாடிப் பிம்பமாக வேலைசெய்யாவிட்டால், மூல வரைபடத்தில் இடப்பக்கம் இருந்தது அச்சில் வலப்பக்கம் வரும்.

நாடாளுமன்றச் சட்டப்படி வெளியிடப்பட்டது என்ற ஒரு வரியும், ஆண்டும் பல தகடுகளில் இருக்கும். செதுக்கோவியர்களின் உரிமையைக் காக்க 1735-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் அடையாளம் அது. தகடு செதுக்கப்பட்ட காலத்தை அறிய உதவும். தொகுப்பின் முகப்பு ஆண்டும் தகட்டின் ஆண்டும் வேறாக இருப்பது இயல்பு. தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் தொகுப்பை முடித்தார்கள்.

5. பாதியை மறைத்துப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நாற்காலியின் முன்கால்கள் இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று சுருள் பாதம், மற்றது வேறு வடிவம். கண்ணாடிச் சட்டத்தின் இடப்பாதியில் பறவை, வலப்பாதியில் இலைக்கொத்து. அலமாரியின் ஒரு கதவில் ஒரு பூவேலை, மறு கதவில் இன்னொன்று. இதைப் பார்த்ததும் “ரொகோகோ பாணியின் சமச்சீரின்மை” என்று, அந்தக் காலத்தின் சுருளும் கிளிஞ்சலும் நிறைந்த அலங்காரப் பாணியின் மேல் போட்டு எழுதிவிடுகிறார்கள். சிலர் சித்திரக்காரரின் கவனக்குறைவு என்கிறார்கள்.

இரண்டும் இல்லை. சிப்பென்டேலே தன் குறிப்பில் விளக்கியிருக்கிறார்: தேர்ந்தெடுக்க அதிக வாய்ப்பு இருக்கட்டும் என்றுதான் முன்கால்களைப் பெரும்பாலும் வேறுவேறாகக் காட்டியிருக்கிறாராம். அதாவது ஒரு படத்தில் இரண்டு நாற்காலிகள். வாடிக்கையாளர் இடதா வலதா என்று கைகாட்டுவார். பட்டறையில் அதை இருபுறமும் செய்வார்கள். செம்புத் தகடும் செதுக்குக் கூலியும் செலவு பிடித்த காலத்தில், ஒரு தகட்டில் இரண்டு வடிவங்களை அடக்குவது கெட்டிக்காரத்தனம்.

இதைக் கண்ணுக்குப் பழக்க இப்படிச் செய்யுங்கள்:

1. படத்தின் நடு அச்சைக் கண்டுபிடித்து, டிரேசிங் பேப்பரில் 2எச் பென்சிலால் செங்குத்துக் கோடு போடுங்கள்.
2. இடப்பாதியை வெள்ளை அட்டையால் மூடி, வலப்பாதியை மட்டும் இரண்டு நிமிடம் பாருங்கள். அது முழுமையானால் எப்படி இருக்கும் என்று மனத்தில் கட்டுங்கள்.
3. அட்டையை மாற்றி, மறுபாதிக்கும் அதையே செய்யுங்கள்.
4. கண்ணாடி, அலமாரி போன்று நேர்முகமாக வரைந்தவற்றுக்குக் கணினியில் ஒரு பாதியை வெட்டி, இடம் வலம் திருப்பி ஒட்டுங்கள். இரண்டு முழுப் பொருள்கள் கிடைக்கும். நாற்காலி சற்றுச் சாய்வாக நிற்பதால் இந்த ஒட்டு பொருந்தாது. அதற்கு அட்டையே போதும்.
5. இப்போது அட்டையை எடுத்துவிட்டு முழுப் படத்தைப் பாருங்கள்.

ஐந்தாவது வரியில்தான் கலை. இரண்டு வேறு வடிவங்களை ஒரே உடலில் பொருத்தி, பார்ப்பவருக்கு உறுத்தாமல் நிறுத்தியிருக்கிறாரே, அது எப்படி? இரண்டு பாதிகளிலும் எடை சமமாக இருக்கும். ஒரு பக்கம் இலை வெளியே விரிந்தால் மறுபக்கம் சுருள் அதே அளவு வெளியே வரும். உருவம் மாறினாலும் வெளிவிளிம்பு ஏறக்குறைய ஒன்றுபோல் ஓடும். வெளிவிளிம்பை மட்டும் டிரேசிங் பேப்பரில் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

6. எங்கே நின்று பார்க்கிறோம் என்று கண்டுபிடியுங்கள்

சில தகடுகளில் பொருள் நேர்முகமாக நிற்கும், மேல்பலகை மட்டும் மேலிருந்து பார்ப்பதுபோல் தெரியும். “பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகச் சுருங்கித் தெரியும்படி வரையும் முறை) தெரியாமல் போட்டுவிட்டார்” என்பது அவசர முடிவு. தொகுப்பின் தொடக்கத்திலேயே பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடக்கலையின் ஐந்து வகைத் தூண் ஒழுங்குகளையும், நாற்காலியைப் பெர்ஸ்பெக்டிவ் முறையில் வரையும் வழியையும் வைத்திருப்பவர் சிப்பென்டேல். முன்முகம் அளவெடுக்க வேண்டியது. ஆகவே சுருங்கக் கூடாது. மேல்பலகை வடிவம் காட்ட வேண்டியது. ஆகவே தெரிந்தாக வேண்டும். இரண்டு தேவையையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறார்.

படத்தின் அடியில் அளவுக்கோடு இருந்தால் அதை அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டு பொருளை அளந்து பாருங்கள். குறிப்புரைப்படி நாற்காலியின் முதுகுச் சாய்வு, இருக்கைக்கு மேல் 22 அங்குலத்தை, அதாவது சுமார் 56 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. இந்த எண் மனத்தில் இருந்தால் நாடா முடிச்சு ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு என்று புரியும். படத்துக்கு ஒரு உடம்பு கிடைக்கும்.

7. ஒளியைத் தேடுங்கள், பிறகு நிழல்கோட்டின் திசையை

ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? பெரும்பாலும் இடப்பக்கம், மேலிருந்து. உறுதிசெய்ய, காலின் எந்தப் பக்கம் இருண்டிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, நிழல்கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். இது ஒளியைவிட முக்கியம். தட்டையான பலகையில் கோடுகள் நேராக, ஒரே இடைவெளியில் ஓடும். உருண்ட காலில் சுற்றி வளைந்து போகும். குழிந்த இடத்தில் உள்நோக்கி வளையும். நிழல் எவ்வளவு கறுப்பு என்பதைக் கோட்டின் தடிமனும் நெருக்கமும் சொல்லும். பரப்பு எப்படி வளைகிறது என்பதைத் திசை சொல்லும். ஒரே கோடு இரண்டு வேலை செய்கிறது.

ரிப்பன் தகட்டில் நாடா மடியும் ஓர் இடத்தைப் பெரிதாக்குங்கள். மடிப்பின் மேல்புறத்தில் வெறும் தாள். மடிப்பு திரும்பும் விளிம்பில் குறுங்கோடுகள் நெருங்கி, நாடாவின் அகலத்துக்குக் குறுக்கே சற்றே வளைந்து ஓடும். உள்புறம் போனதும் அவற்றின் மேல் இன்னொரு வரிசை சாய்ந்து விழுந்து வலையாகும். ஒரு செ.மீ.க்குள் துணியின் வெளிப்புறம், திருப்பம், உட்புறம் மூன்றும் வந்துவிடுகின்றன. மரத்தாலான நாடா என்பதைக் கண் மறந்துபோவது இங்கேதான்.

இங்கே செய்யும் பொதுவான பிழை, கறுத்த இடத்தைக் கறுத்த மரம் என்று நினைப்பது. இந்தத் தகடுகளில் மரத்தின் நிறமும் ரேகையும் பெரும்பாலும் வரையப்படுவதில்லை. கறுப்பு என்றால் ஒளி படாத இடம், அவ்வளவுதான்.

8. பூவேலையைக் கையால் பின்தொடருங்கள்

அலங்காரம் அடர்ந்த இடத்தில் கண் ஓய்ந்துவிடும். அப்போது ஒரு கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, எச்பி பென்சிலால் முதலில் எலும்புக்கூட்டை மட்டும் எடுங்கள். ‘சி’ வடிவச் சுருள், ‘எஸ்’ வடிவச் சுருள் இரண்டும்தான் அடிப்படை. அவை ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து, நுனியில் நுனி தொட்டு ஏறும். பிறகு மேலே படர்ந்த, பல மடல்களாகப் பிரிந்த அகாந்தஸ் இலை, கிளிஞ்சல் விளிம்பு, சொட்டும் நீர்போன்ற தொங்கல்களைச் சேருங்கள்.

எலும்புக்கூட்டைத் தனியாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். நல்ல தகட்டில் எந்தச் சுருளும் நடுவெளியில் தொங்காது. ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தாங்கும் அல்லது சட்டத்தைத் தொடும். செதுக்கினால் நிற்கவேண்டுமே என்ற தச்சரின் எண்ணம் கோட்டிலேயே இருக்கிறது. கோயில் தேர்களிலும் தூண்களிலும் கொடிக்கருக்கு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். அங்கேயும் தண்டு எங்கே பிரிகிறது என்று தேடினால்தான் வேலைப்பாடு விளங்கும்.

சிறு அலங்காரங்கள் மிகை என்று தோன்றினால் விட்டுவிடலாம், வடிவம் கெடாது என்று சிப்பென்டேல் ரிப்பன் நாற்காலிகளுக்கான குறிப்பில் எழுதியிருக்கிறார். அதைச் சோதித்துப் பார்க்கலாம். டிரேசிங்கில் சிறு இலைகளை ஒவ்வொன்றாக நீக்கி, எந்த இடத்தில் வடிவம் சரிகிறது என்று கவனியுங்கள். அலங்காரத்தில் எது தோல், எது எலும்பு என்று பிரித்தறிய இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

9. வெற்றிடத்தை ஒரு வடிவமாகப் பாருங்கள்

நாற்காலிகளைச் சுற்றி அறை இல்லை, சன்னல் இல்லை. ஆகவே தாளின் வெண்மை படத்தின் பாதி. முதுகுச் சாய்வின் ஓட்டைகள் வழியே தெரியும் வெள்ளைத் துண்டுகளை மட்டும் 2பி பென்சிலால் டிரேசிங்கில் கறுப்பாக நிரப்புங்கள். இதயம், இலை, துளி எனத் தனி வடிவங்கள் எழுந்துவரும். அவை தற்செயலாக வந்தவை இல்லை. அடுத்தடுத்து நிற்கும் மூன்று நாற்காலிகளுக்கு இடையே இருக்கும் வெளியையும் ஒருமுறை பாருங்கள்.

10. வண்ணம் இருந்தால் சந்தேகப்படுங்கள்

டைரக்டர் தகடுகள் கறுப்பு மையில் மட்டும் அச்சானவை. வண்ணம் பூசிய பிரதி கிடைத்தால், அது கையால் பிறகு சேர்த்தது. நிழல்கோடுகள் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்ட தாளில் பிற்காலப் பூச்சு நுண்ணிய கோடுகளை மூடிவிடும். படத்துக்கான நிறம் குறிப்புரையில் சொற்களாக இருக்கிறது: இருக்கையைச் சிவப்பு மொராக்கோ தோலால் மூடினால் நன்றாக இருக்கும் என்று 1762 பதிப்பு சொல்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிவப்பை மனத்தில் வையுங்கள்.

வண்ணமே நோக்கமாக இருந்த படங்களைப் பார்க்க விரும்பினால், ருடால்ஃப் ஆக்கர்மன் 1809 முதல் லண்டனில் நடத்திய ‘ரெப்பசிட்டரி’ மாத இதழுக்குப் போங்கள். அதில் அக்வாடின்ட் முறை. தகட்டில் பிசின் துகள் படியவைத்து அரிப்பதால், லென்ஸில் பார்த்தால் கோடு இல்லாமல் நுண்மணல் போன்ற வலை தெரியும். அதன்மேல் கைவண்ணம் மெல்லிய திரையாகப் படியும். அங்கே வண்ணம் படத்தோடு சேர்ந்தே பிறந்தது.

11. வேறு கைகளோடு ஒப்பிடுங்கள்

இந்தப் படி முன்னால் வந்தால் பயனில்லை. ஒரு கையை நன்றாகத் தெரிந்த பிறகே மற்றொரு கை தனியாகத் தெரியும்.

தாமஸ் ஜான்சன் மரச்செதுக்குக்காரர். 1750-களின் பிற்பகுதியில் வெளியான அவருடைய தகடுகளில் விளக்குத்தாங்கிகளும் கண்ணாடிச் சட்டங்களும் பொருளாகவே நிற்பதில்லை. மரம், பாறை, விலங்கு, நீதிக்கதைக் காட்சி எல்லாம் சட்டத்தில் ஏறிக்கொள்கின்றன. கோடு நடுங்கிப் பறக்கிறது. சிப்பென்டேலில் எலும்புக்கூடு தேடிய பயிற்சியை இங்கே செய்துபாருங்கள், சிரமப்படுவீர்கள். அந்தச் சிரமமே வித்தியாசம்.

ஜார்ஜ் ஹெப்பிள்வைட் இறந்தபின் 1788-ல் வெளியான தொகுப்பில் ஏறக்குறைய 300 வடிவங்கள். கேடய வடிவ முதுகுகள், மெல்லிய கால்கள், அடக்கமான நிழல். தாமஸ் ஹோப் 1807-ல் வெளியிட்ட தகடுகளில் நிழலையே பெரும்பாலும் கைவிட்டு, வெளிக்கோட்டை மட்டும் வைத்தார். கிரேக்கப் பானை ஓவியம்போல் எல்லாம் விளிம்பிலேயே நடக்கிறது. ரிப்பன் தகட்டையும் ஹோப்பின் நாற்காலித் தகடு ஒன்றையும் அருகருகே வையுங்கள். ஒன்றில் பரப்பு பேசுகிறது, மற்றதில் விளிம்பு. எது உயர்ந்தது என்ற கேள்வியை இங்கே எழுப்பத் தேவையில்லை. ஆனாலும் ஹோப்பின் ஒரு கோடு தவறினால் மறைக்க நிழல் இல்லை என்பதைக் கவனித்தால் அந்தத் துணிவு விளங்கும்.

12. கடைசியாக மரத்துக்குப் போங்கள்

இப்போது உண்மைப் பொருளைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஹவுஸ், யார்க்‌ஷயரின் நாஸ்டல், ஹேர்வுட் மாளிகைகளில் சிப்பென்டேல் பட்டறைச் சாமான்கள் உள்ளன. படங்கள் இணையத்தில் கிடைக்கும். டம்ஃப்ரீஸ் ஹவுஸுக்கு 1759-ல் வாங்கியவை டைரக்டர் காலத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒப்பிட ஏற்றவை.

ஒப்பிடும்போது “படத்தில் உள்ளபடி செய்யவில்லை” என்று குறை காணாதீர்கள். தகட்டில் இருப்பது ஒரு யோசனை. மரம், கூலி, வீட்டுக்காரரின் விருப்பம் மூன்றும் அதை மாற்றும். எது விடப்பட்டது, எது தடித்தது, எது நேரானது என்று பட்டியல் போடுங்கள். தாளில் மட்டுமே சாத்தியமான மெலிவு எது என்று அந்தப் பட்டியல் காட்டிவிடும். படம் தன்னளவில் கலையாக நிற்கும் இடமும் அதுதான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினத்தின் கைவினைஞர்கள், ஆங்கிலேயர்களுக்காக அவர்களுடைய வடிவங்களில் சாமான்கள் செய்து, தந்தம் பதித்து, தந்தத்தில் கொடிகளைக் கீறி, கீறலில் கறுப்பு அரக்கை நிரப்பினார்கள். செப்புத்தகட்டில் கோட்டைக் கீறி மை நிரப்பும் அதே செயல், இங்கே ஃபர்னிச்சரின் உடம்பிலேயே நடந்திருக்கிறது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் தொகுப்பில் இவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, மூன்றாம் படியில் பழகிய கண்ணோடு கோட்டின் நுனியைத் தேடுங்கள்.

13. ஒரு சதுர அங்குலத்தை நகலெடுங்கள்

முழு நாற்காலியை வரைய முயல்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாடா மடிப்பு அல்லது ஒரு பாதம், ஓர் அங்குலச் சதுரம் போதும். அதை நான்கு மடங்கு பெரிதாக, டிரேசிங் இல்லாமல் கண்ணால் பார்த்து வரையுங்கள். வெளிக்கோட்டை முதலில் போடாதீர்கள். நிழல்கோடுகளை அவற்றின் திசையில் வைத்துக்கொண்டே போனால் விளிம்பு தானாக வரும். வெளிக்கோட்டில் தொடங்கினால் உள்ளே வண்ணம் நிரப்புவதுபோல் கை இயங்கிவிடும்.

பென்சிலைத் தேய்த்துச் சாம்பல் ஆக்குவது இங்கே கூடாது. இருட்டு வேண்டுமென்றால் இன்னொரு கோடு, அல்லது குறுக்கே ஒரு வரிசை. கை வலிக்கத் தொடங்கும்போது, உலோகத்தில் உளியைத் தள்ளி, தகட்டைத் திருப்பித் திருப்பி இதைச் செய்த டார்லி போன்றவர்களின் வேலை எத்தகையது என்பது தெரியவரும்.

14. அசல் தாள் வாங்குவோருக்கு

தொகுப்பிலிருந்து பிரித்த தனித் தாள்கள் விற்பனைக்கு வருகின்றன. வாங்குமுன் மூன்றாம் படியின் மூன்று சோதனைகளையும் செய்யுங்கள். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், நீங்களே பிளீச் செய்ய முயலக் கூடாது. எதிர்ப்பக்கத்தின் மை படிந்து மங்கலான நிழலுருவம் தெரிவது இயல்பு. குறையாக நினைக்கத் தேவையில்லை.

சட்டமிடும்போது அமிலமற்ற அட்டை கேளுங்கள். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் தாளின் ஓரத்தைப் பழுப்பாக்கும். தாளை அட்டையில் ஒட்டவிடாதீர்கள். மேல் ஓரத்தில் மெல்லிய ஜப்பானியத் தாள் கீலும் மாவுப் பசையும் போதும். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் மவுண்ட், அதாவது நடுவில் சாளரம் வெட்டிய அட்டை, இருக்கவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை வரும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் (மேலே விழும் ஒளியை அளக்கும் அலகு) ஒளியை வரம்பாக வைக்கின்றன. வீட்டில் அளக்க முடியாவிட்டாலும், நேர்வெயில் ஒருபோதும் படாத இடமாகப் பார்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை இறக்கி, சட்டத்தின் பின்புறத்தில் பூச்சியும் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள்.